தராசு நாற்காலி முதல் மணிக்கட்டுக் கருவி வரை

நிலத்தை அளக்கக் கோலும், நெல்லை அளக்க மரக்காலும், பொன்னை நிறுக்கத் தராசும் மக்கள் மிகப் பழங்காலத்திலேயே கண்டுகொண்டனர். தம் உடலை அளந்து எழுதி வைக்க வேண்டும் என்னும் எண்ணமோ மிகப் பிற்காலத்தில்தான் வேரூன்றியது. இன்று நம் அலுவலகங்களில் இளைஞர் பலருடைய மணிக்கட்டில், நேரத்தோடு நடந்த அடிகளையும் இதயத் துடிப்பையும் உறங்கிய நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் கருவி விளங்குகின்றது. அக்கருவி ஒரே நாளில் தோன்றியதன்று. நானூறு ஆண்டுகளாகப் பல நாட்டு அறிஞர்களும், சில வேளைகளில் நோயாளிகளுமே, பாடுபட்டுத் தேடிய செல்வம் அது. அவ்வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சுருங்க எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, இரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பழகி வருகின்றோம். அத்தொழிலில் ஓர் உண்மையைக் கண்டிருக்கின்றோம். எழுதி வைத்த எண் தானாக எவருக்கும் உதவுவதில்லை. அதனை நேற்றைய எண்ணோடு ஒப்பிட்டு, ஏன் கூடிற்று, ஏன் குறைந்தது என்று கேட்பவர் ஒருவர் இருந்தால்தான் அது பயன் தரும். உடலை அளந்தவர்களின் வரலாற்றிலும் இவ்வுண்மையே மீண்டும் மீண்டும் தலைகாட்டுகின்றது.

தராசில் அமர்ந்த பேராசிரியர்

நாடி பார்த்து நோய் அறியும் முறை நம் சித்த மருத்துவத்தில் சிறப்பிடம் பெற்றது. வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றையும் வைத்தியர் மூன்று விரல்களால் உணர்ந்தனர். திருக்குறளில் ‘மருந்து’ என்னும் 95-ஆம் அதிகாரமோ, மருந்து எதனையும் பெயர் சுட்டாமல், உண்ணும் அளவையும் செரிமானத்தையும் பசியையுமே பெரிதும் பேசுகின்றது. ஆகவே அளவோடு வாழ வேண்டும் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. ஆயினும் வைத்தியரின் விரல் அறிந்த அறிவு அவ்விரலோடு நின்றது. அதனை எண்ணாக மாற்றி, எவரும் பார்த்து ஒப்பிடும்படி எழுதி வைக்கும் வழி பின்னரே பிறந்தது.

அவ்வழியைத் திறந்தவருள் முதல்வராகப் போற்றத்தக்கவர் இத்தாலி நாட்டுப் பாதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்தோரியோ சாந்தோரியோ (1561–1636). அவர் பெரியதொரு தராசில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து தம்மைத் தாமே நிறுத்தார். உண்ட உணவு, பருகிய நீர், உடலினின்று கழிந்த பொருள் ஆகிய அனைத்தையும் எடை பார்த்தார். இவ்வாறு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செய்தார் என்பர். உட்கொண்டதற்கும் கழிந்ததற்கும் இடையே கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு நாளில் எட்டு இராத்தல் உட்கொண்டால், அதில் ஐந்து இராத்தல் வரை கண்ணுக்குத் தெரியாமல் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் வெளியேறுகின்றது என்று அவர் கண்டார். 1614-ஆம் ஆண்டில் இம்முடிவுகளை நூலாக வெளியிட்டார். நாடித்துடிப்பின் வேகத்தை அளக்க ஊசலொன்றையும், உடல் வெப்பத்தை அறிய அளவுக்கோடிட்ட கண்ணாடிக் குழாயையும் அவர் பயன்படுத்தினார்.

கணக்கில் விழுந்த துண்டைக் கண்டு மனம் சலியாமல், அது எங்கே போயிற்று என்று தேடினார் அல்லரோ, அதுவே அவர் பெருமை. உடல் செயல்களை எண்ணால் ஆராயும் துறை அத்தேடலிலிருந்தே வளர்ந்தது.

கடிகாரமும் வெப்பமானியும்

இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு நகர மருத்துவர் சர் ஜான் ஃபிளாயர், நாடியை எண்ணுவதற்கென்றே சரியாக ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்தார். 1707-ஆம் ஆண்டில் அதனைப் பற்றி நூலும் எழுதினார். கடிகாரங்களில் நொடி முள் அரிதாயிருந்த காலம் அது. இன்று மணிக்கட்டுக் கருவி காட்டும் துடிப்பெண்ணுக்கு அக்கடிகாரத்தை மூதாதை எனலாம்.

அடுத்து வந்தது வெப்பமானி. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வுண்டர்லிக் என்னும் மருத்துவர் ஏறத்தாழ 25,000 நோயாளிகளிடம் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அளவுகளைத் திரட்டி, 1868-இல் நூலாக்கினார். அவர் கையாண்ட வெப்பமானி ஓரடி நீளமுடையது. அளவு காண்பதற்குக் கால் மணி நேரமாவது வேண்டும். அதே காலத்தில் இங்கிலாந்தில் கிளிஃபோர்டு ஆல்பட் ஆறு அங்குல வெப்பமானியை அமைத்து, ஐந்து நிமிடத்தில் அளவறிய வழி செய்தார். காய்ச்சலின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து கட்டிலின் தலைமாட்டில் தொங்கவிடும் வழக்கம் பரவியது. பின்னர் வெப்பமானி வீடுகளுக்கும் வந்தது. குழந்தைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று தாயே சொல்லக்கூடிய காலம் பிறந்தது.

இரத்த அழுத்தத்தை அளக்கக் கையில் காற்றுப் பட்டை கட்டும் முறையை 1896-இல் இத்தாலியர் ரிவா-ரோச்சி வகுத்தார். 1905-இல் உருசிய மருத்துவர் கொரோட்காவ், அப்பட்டையின் கீழே ஒலிமானியை வைத்துக் கேட்டு, மேலழுத்தம், கீழழுத்தம் இரண்டையும் அறியும் வழியைக் காட்டினார். ஆயினும் அந்த எண் எதிர்காலத்தைப் பற்றி என்ன சொல்லுகின்றது என்பது விளங்கப் பல்லாண்டுகள் ஆயின. அமெரிக்காவில் ஃபிரேமிங்ஹாம் என்னும் சிற்றூரில் 1948-இல் 5,209 பேரைத் தேர்ந்து, அவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சோதித்தனர். உயர்ந்த இரத்த அழுத்தமும் கொழுப்பும் புகைப்பழக்கமும் இதய நோய்க்கு முன்னோடிகள் என்பது அங்கே தெளிவாயிற்று. ஒரே நாளில் எடுத்த அளவு அன்று, ஆண்டுதோறும் எடுத்த அளவே அவ்வுண்மையைக் காட்டிற்று.

நிலைய மேடையில் எடை இயந்திரம்

எளிய மக்கள் மருத்துவரின் துணையின்றித் தம் உடலைத் தாமே அளந்துகொண்ட இடங்களுள் இரயில் நிலைய மேடையும் ஒன்று என்பதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. காசு போட்டால் எடை காட்டும் இயந்திரங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மேலை நாடுகளில் தோன்றின. நம் நாட்டு நிலையங்களில் வண்ண விளக்குகள் சுழல நின்ற அவ்வியந்திரங்களை நாற்பது வயது கடந்தோர் மறந்திருக்க மாட்டார்கள். காசு விழுந்ததும் பயணச்சீட்டைப் போன்ற தடித்த அட்டை ஒன்று வெளிவரும். ஒரு பக்கத்தில் எடை இருக்கும். மறு பக்கத்தில் பலன் இருக்கும். ‘நினைத்த காரியம் கைகூடும்’ என்னும் வகையிலான அவ்வரியையே பலரும் முதலில் படித்தனர். எடையைக் குறித்து வைத்துக்கொண்டவர் எத்தனை பேர்?

இஃது எள்ளி நகையாடச் சொன்னதன்று. எண்ணின் பொருள் விளங்காதவருக்கு எண்ணும் ஒருவகைப் பலன் சீட்டேயாகும். நல்லதாய் இருந்தால் மகிழ்வர். தீயதாய் இருந்தால் மறைப்பர். இன்றைய கருவிகள் காட்டும் எண்களையும் பலர் இவ்வாறே படித்து வருகின்றனர்.

நோயாளி கைக்கு வந்த அளவு

அளக்கும் உரிமை மருத்துவரிடமிருந்து நோயாளியின் கைக்கு வந்த கதையில் நீரிழிவு நோய்க்குப் பெரும்பங்கு உண்டு. 1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 சனவரியில் அம்மருந்து முதன்முதலில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அளிக்கப்பட்டது. உயிர் காக்கும் மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் எவ்வளவு போடுவது என்று அறிய, உடலில் உள்ள சர்க்கரையின் அளவு தெரிய வேண்டுமே! அதற்குப் பெனடிக்ட் கரைசலே துணையாயிருந்தது. அதனோடு சிறுநீரைக் கலந்து காய்ச்சினால் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, சர்க்கரை மிகுந்திருந்தால் செங்கல் நிறம் பெறும். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ஜாஸ்லின், இன்சுலினுக்கு முன்பே, 1918-இல், மருத்துவருக்கும் நோயாளிக்கும் பொதுவாக ஒரு கையேடு எழுதி, நோயாளிகளே தம்மைச் சோதித்துக் குறித்து வைக்கப் பயிற்றினார். நம் தமிழகத்தில் பேராசிரியர் மு. விசுவநாதன் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியதையும் இங்கே நன்றியுடன் நினைத்தல் தகும்.

இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அளக்கும் கருவி 1970-ஐ ஒட்டி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மூன்று இராத்தல் எடையுடைய அக்கருவி மருத்துவருக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமே விற்கப்பட்டது. ரிச்சர்டு பெர்ன்ஸ்டைன் என்னும் பொறியாளர் பன்னிரண்டு வயது முதல் நீரிழிவு உடையவர். அதனால் உடல் நலிந்து வந்தவர். அக்கருவியைத் தாம் வாங்க இயலாமையால், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் வாங்குவித்தார். நாளொன்றுக்குப் பலமுறை தம் இரத்தத்தைச் சோதித்து, எந்த உணவு எவ்வளவு ஏற்றுகின்றது, இன்சுலின் எவ்வளவு இறக்குகின்றது என்று எழுதி எழுதித் தமக்குரிய உணவு முறையைத் தாமே வகுத்துக்கொண்டார். நோயாளி சொல்லும் கணக்கை மருத்துவ உலகம் எளிதில் ஏற்கவில்லை. ஆகவே அவர் தம் நாற்பத்தைந்தாம் வயதில் மருத்துவக் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்து மருத்துவரானார்! 2025-இல் தொண்ணூறு வயதில் காலமானார்.

சர்க்கரையை அடிக்கடி அளந்து கட்டுக்குள் வைப்பதால் பயனுண்டா என்னும் ஐயத்தை 1993-இல் வெளிவந்த பேராய்வு ஒன்று தீர்த்தது. இன்சுலின் இன்றி வாழ இயலாத நீரிழிவுடைய 1,441 பேரிடம் நடத்திய அவ்வாய்வில், இறுகிய கட்டுப்பாட்டில் இருந்தோர்க்குப் புதிதாகக் கண் நோய் தோன்றுவது 76 விழுக்காடு குறைந்தது. சிறுநீரக, நரம்பு நோய்களும் பெரிதும் குறைந்தன. அளந்தவர் கண்ணைக் காத்துக்கொண்டனர் என்பதே அதன் சுருக்கம்.

கருவி உடலில் ஏறிய கதை

உடலில் அணியும் கருவிகள் முதலில் சுமையாகவே இருந்தன. அமெரிக்கர் நார்மன் ஹோல்டர் 1940-களின் இறுதியில் இதயத்தின் மின் அலைகளை நடமாடும்போதே அறிய அமைத்த கருவி 85 இராத்தல் எடை. முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்தது. சப்பானில் 1965-இல் இடுப்பில் மாட்டும் அடியெண்ணி ஒன்று விற்பனைக்கு வந்தது. ‘பத்தாயிரம் அடி மானி’ என்பது அதன் பெயரின் பொருள். இன்று உலகெங்கும் வேதவாக்காக வழங்கும் ‘நாள்தோறும் பத்தாயிரம் அடி’ என்னும் கணக்கு அந்த வணிகப் பெயரிலிருந்து பரவியதே. 2019-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, சராசரி வயது 72 ஆன பெண்டிர் ஏறத்தாழ 16,700 பேரிடம் நடத்தப்பட்டது. நாள்தோறும் 4,400 அடி நடந்தவர்க்கே இறப்பு விகிதம் குறைந்திருந்தது; 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் காணப்படவில்லை. ஆகவே பத்தாயிரம் எட்டாத முதியோர் மனம் சோரத் தேவையில்லை.

1974-இல் சப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி, இரத்தத்தில் உள்ள உயிர்வளியை ஒளியால் அளக்கும் முறையைக் கண்டார். கொரோனாப் பெருந்தொற்று வந்த 2020-க்குப் பின் நம் வீடுகளில் விரல் நுனியில் மாட்டிப் பார்த்தது அதன் வழித்தோன்றலே. 1982-இல் பின்லாந்தின் போலார் நிறுவனம் மார்பில் பட்டையும் மணிக்கட்டில் காட்டியும் கொண்ட கம்பியில்லாத் துடிப்பெண்ணியை வெளியிட்டது. 2009-இல் ஃபிட்பிட் என்னும் அடியெண்ணி வந்தது. 2015-இல் ஆப்பிள் கடிகாரம் வந்தது. தோலின் மேல் பச்சை ஒளியைப் பாய்ச்சி, ஒவ்வொரு துடிப்பின்போதும் பெருகும் இரத்தம் அவ்வொளியை விழுங்கும் அளவைக் கொண்டு துடிப்பை எண்ணுவதே இத்தகைய கடிகாரங்களின் சூட்சுமம். 2014-இல் ஐரோப்பாவில் வெளிவந்த சிறு வில்லை ஒன்றைக் கையின் மேற்புறத்தில் ஒட்டிக்கொண்டால் பதினான்கு நாள் சர்க்கரையின் போக்கைக் காட்டும். அது இரத்தத்தையன்று, திசுக்களிடையே உள்ள நீரையே அளப்பதால், சில நிமிடம் பின்தங்கியே உண்மையைச் சொல்லும் என்பதை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

யாருடைய அளவு நமக்கு?

கருவி சரியாயிருப்பினும், அதன் எண்ணை எதனோடு ஒப்பிடுவது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. இவ்வினாவுக்கு நம் நாட்டிலேயே விடை தேடினர். நீலகிரியின் குன்னூரில் 1918-இல் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறு ஆய்வுக்கூடமே பின்னர் 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகின்றது. மக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தார். கோதுமையும் பாலும் பருப்பும் காய்கறியும் அடங்கிய சீக்கியர் உணவை உண்டவை நன்கு வளர்ந்தன. அரிசியே மிகுந்த சென்னை மாகாண உணவை உண்டவை கடைசியில் நின்றன. இதனைக் கேட்டு, வடபுலத்தில் வாழும் நாம் ரொட்டிக்கு மாறிவிட்டால் போதும் என்று கருதலாகாது. ஓர் இனத்தின் உணவில் உள்ள குறையை அவ்வாய்வு காட்டிற்று. ஒரு தனி மனிதனுக்கு எது ஒக்கும் என்று அது சொல்லவில்லை.

தனி மனிதனைப் பற்றிய செய்தி பின்னரே வந்தது. 2004-இல் புனே நகர மருத்துவர் யாக்னிக்கும் இலண்டன் நகர மருத்துவர் யட்கினும் தம் இருவரின் படத்தையும் ஒரு மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். உயரத்தையும் எடையையும் கொண்டு கணிக்கும் குறியெண் இருவருக்கும் 22.3 தான். ஆனால் உடற்கொழுப்பு, யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கோ 21.2 விழுக்காடு. மெலிந்து தோன்றும் இந்திய உடலில் கொழுப்பு மறைந்திருக்கக் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? இத்தகைய உண்மைகளால்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு அதே 2004-இல், ஆசிய மக்களுக்கு 25 அன்று, 23 முதலே எச்சரிக்கை வேண்டும் என்றது. கருவிகளிலும் இவ்வேற்றுமை உண்டு. விரலில் மாட்டும் உயிர்வளிக் கருவி, கருமை நிறத்தோரிடம் குறைபாட்டைத் தவறவிடுவது ஏறத்தாழ மும்மடங்கு என்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது.

2015-இல் இசுரேல் நாட்டு வைசுமன் நிறுவனத்தார் 800 பேரின் சர்க்கரையை ஒரு வாரம் இடையறாது அளந்தனர். ஒருவருக்கு வாழைப்பழம் சர்க்கரையை ஏற்றியது, பிஸ்கட்டு ஏற்றவில்லை. மற்றொருவருக்கு இதற்கு நேர்மாறாக நிகழ்ந்தது. ஒரே பந்தியில் ஒரே இலையில் பரிமாறினாலும், உண்பவர் உடல்தோறும் உணவு வேறாகின்றது. ஆகவே பிறர் கண்ட சராசரி நமக்கு ஒரு வழிகாட்டிப் பலகையேயன்றி, நாம் இறங்க வேண்டிய நிலையம் அன்று.

நாம் செய்யத்தக்கது

2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணிப்புப்படி நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் நீரிழிவு உடையோர். இரவுப்பணியும் பொழுதுக்கொவ்வாத உணவும் நாற்காலி வேலையுமாக வாழும் நம்மவர்க்கு இது பிறர் செய்தியன்று.

நாம் அறிந்த அலுவலக நண்பர் ஒருவர் ஆண்டுதோறும் தவறாமல் இரத்தம் சோதித்துக்கொள்வார். அறிக்கையை உறையிலிட்டு அலமாரியில் வைப்பார். ‘சென்ற ஆண்டைவிடச் சிறிதே கூடுதல்’ என்பார். காலில் வந்த புண் ஆறாமல் இரு விரல்களை இழந்த பின்னர், அவர் மகள் அவ்வுறைகளைப் பிரித்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையை ஒரே தாளில் வரிசையாக எழுதினாள். 96, 103, 111, 119, 128, 147, 186. படிக்கட்டுப் போல ஏறிய அவ்வரிசை ஏழு ஆண்டுகளாக அந்த வீட்டிலேயே இருந்தது. எண்கள் இருந்தன; அவற்றை அடுக்கிப் பார்க்கும் ஒரு தாள் மட்டும் இல்லை.

ஆகவே விலையுயர்ந்த கடிகாரம் வாங்கினால்தான் உடல்நலம் என்று எவரும் கருத வேண்டா. இடுப்பளவுக்கு ஒரு நாடா, ஓர் எடை இயந்திரம், அழுத்தம் பார்க்கும் கருவி, ஒரு நாற்பது பக்கக் குறிப்பேடு ஆகியவை ஒரு குடும்பத்துக்குப் போதும். முதல் நாளும் மறு நாளும் ஒரே நேரத்தில் அளத்தல் நன்று. ஒரு நாள் எண்ணைக் கண்டு அஞ்சுதலும் வேண்டா. ஓராண்டுப் போக்கைக் கண்டு அசட்டையாயிருத்தலும் வேண்டா. அக்குறிப்பேட்டை மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுதல் வேண்டும், குறிப்பேடு மருத்துவராகிவிடாது. கடிகாரம் அணிவோர் மற்றொன்றும் கருதத்தக்கது. சாந்தோரியோவின் கணக்கு அவர் மேசையில் இருந்தது. நம் கணக்கோ பெரும்பாலும் அக்கடிகாரத்தை விற்ற நிறுவனத்தின் கிடங்கிலும் இருக்கின்றது. ஃபிட்பிட் நிறுவனமே 2021-இல் கூகுள் நிறுவனத்தின் உடைமையாயிற்று. நம் உடலின் பதிவேட்டை வேறு யார் படிக்கின்றனர் என்று கேட்பது நம் உரிமை.

நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒன்றுகூடுகின்றன. அன்றைய நாளில் ஒரு மூலையில் மேசையொன்றிட்டு, எடையும் இடுப்பளவும் இரத்த அழுத்தமும் பார்த்து, ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டையைத் தரலாம். அடுத்த ஆண்டு அதே அட்டையோடு வந்து மறு வரியை நிரப்பிக்கொள்ளலாம். மறு பக்கத்தில் பலன் எதுவும் அச்சிட வேண்டா. பத்து வரிகள் நிரம்பும்போது, அவரவர் பலனை அவரவரே படித்துக்கொள்வர். நம் சங்கத்தார் அனைவரும் நோயற்ற வாழ்வு பெற்று நீடு வாழ்க!